பிளாக்செயினை விடுங்க, கத்தரிக்கோலைப் பாருங்க

உங்க ரூம்ல எங்கயாவது நாலு மாத்திரை கிடக்கும். பர்ஸ் உள்ள, பேக் முன் ஜிப்ல, இல்லன்னா அலமாரி மூலையில. இதைப் படிக்கிறதை ஒரு நிமிஷம் நிறுத்திட்டு அதை எடுத்துப் பின்பக்கம் பாருங்க. அதுல பேட்ச் நம்பர் இருக்கா?

முழு அட்டையா வாங்கியிருந்தா ஒரு ஓரத்துல இருக்கும். பேட்ச் நம்பர், தயாரிச்ச தேதி, காலாவதி தேதி, விலை எல்லாம் ஒரே இடத்துல சின்ன எழுத்துல அடிச்சிருப்பாங்க. ஆனா ஹாஸ்டல்ல இருக்கிற நாம யாரு முழு அட்டை வாங்குறோம்? "அண்ணே, காய்ச்சலுக்கு நாலு குடுங்க" என்போம். அண்ணன் கத்தரிக்கோலை எடுத்து நாலை வெட்டிக் குடுப்பார். நம்பர் இருக்கிற ஓரம் பெரும்பாலும் கடையிலயே தங்கிடும். மிச்சத்தை விற்க அவருக்கு அந்தத் தேதி வேணுமே. நம்ம கைக்கு வர்றது பெயர் பாதி, ஊர் பாதி இருக்கிற ஒரு வெள்ளித் துண்டு.

என் வாதம் இந்தத் துண்டைப் பத்தினதுதான். ஒரு பொருளைத் தொழிற்சாலையில இருந்து நம்ம கை வரைக்கும் பின்தொடர பேட்ச் நம்பர் மாதிரி எளிமையான, மலிவான கருவி வேற கிடையாது. அது தோத்துப் போற இடங்கள்ல பெரும்பாலும் குறை மென்பொருள்ல இல்ல. ஒரு மனுஷன் கையால எழுத வேண்டிய இடத்துலயும், வெட்டுற இடத்துலயும் இருக்கு. நாம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்னு செய்யறதுல பாதி அந்த இடத்தைத் தொடறதே இல்ல.

முதல்ல பேட்ச்னா என்னன்னு பார்த்துடலாம். இதுக்கு நம்ம வீட்டுலயே ஒரு வார்த்தை இருக்கு: ஈடு. அம்மா முதல் ஈடு இட்லி எடுக்கிறாங்க, ரெண்டாவது ஈடு, மூணாவது ஈடு. ஒரே மாவு, ஒரே தட்டு, ஒரே நேரம். மூணாவது ஈடு மட்டும் சரியா வேகலைன்னா, பாத்திரத்துல தண்ணி வத்திடுச்சான்னு பார்ப்பாங்க. மூணு ஈடும் புளிச்சிருந்தா மாவைப் பார்ப்பாங்க. நடுவுல பக்கத்து வீட்டுக்கு ஒரு தட்டு குடுத்து விட்டிருந்தா, "அது எந்த ஈடு?"ன்னு கேட்பாங்க.

சப்ளை செயின் டிரேசிங் மொத்தமும் இந்த மூணு கேள்விதான். எந்த ஈடு கெட்டது? அதுக்குள்ள போன மாவு எது, அதே மாவு வேற எந்த ஈட்டுக்குப் போச்சு? கெட்ட ஈடு யார் வீட்டுக்குப் போச்சு? ரெண்டாவது கேள்வி பின்னோக்கிப் போறது, மூணாவது முன்னோக்கிப் போறது. ஐரோப்பிய ஒன்றியத்தோட 2002 உணவுச் சட்டம் ஒவ்வொரு வியாபாரிகிட்டயும் கேட்கிறது இவ்வளவுதான்: உனக்கு யார் குடுத்தாங்க, நீ எந்தக் கடைக்குக் குடுத்த, ரெண்டையும் எழுதி வை. ஒரு படி பின்னாடி, ஒரு படி முன்னாடி. எல்லாரும் இதைச் செஞ்சா சங்கிலி தானா உருவாகிடும்.

இந்த நம்பர் சரியா இருந்தா என்ன நடக்கும்னு 1982ல சிகாகோ பக்கம் பார்த்தாங்க. அந்த வருஷம் செப்டம்பர் கடைசியில டைலனால் கேப்ஸ்யூல் சாப்பிட்ட ஏழு பேர் செத்துப் போனாங்க. உள்ள சயனைடு. முதல்ல ஒரு பேட்ச்சைத் திரும்ப எடுத்தாங்க: எம்.சி. 2880, சுமார் 93,000 பாட்டில். அப்புறம் விஷம் இருந்த வேற பாட்டில்களோட நம்பரைப் பார்த்தா அது வேற பேட்ச், அதுவும் வேற மாநிலத்துல இருக்கிற வேற தொழிற்சாலையில தயாரானது. ஆனா சாவு எல்லாம் சிகாகோ சுற்றுப்பக்கத்துல மட்டும். ரெண்டு தொழிற்சாலையிலயும் ஒரே விஷம் கலந்து, அது ஒரே ஊருக்கு மட்டும் வந்து சேர வாய்ப்பே இல்ல. அப்ப விஷம் கலந்தது தொழிற்சாலையில இல்ல, கடை அலமாரிக்கு வந்த பிறகுன்னு போலீஸ் முடிவுக்கு வந்தது. கம்பெனி நாடு முழுக்க சுமார் 3.1 கோடி பாட்டிலைத் திரும்ப எடுத்துச்சு. குற்றவாளியை நம்பர் பிடிச்சுத் தரலை. ஆனா எங்க தேடக் கூடாதுன்னு சில நாள்லயே சொல்லிடுச்சு.

இப்ப நம்ம ஊர்க் கதை. சென்னைப் பக்கத்துக் காலேஜ்ல படிக்கிறவங்களுக்கு சுங்குவார்சத்திரம் தெரியாம இருக்காது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஐ.வி. போற பஸ் அந்த வழியாத்தான் போகும். அங்க இருந்த ஒரு சின்ன மருந்துத் தொழிற்சாலையில தயாரானதுதான் கோல்ட்ரிஃப் இருமல் மருந்து. 2025 செப்டம்பர்ல மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பக்கம் சின்னக் குழந்தைங்களுக்கு வரிசையா சிறுநீரகம் செயலிழந்துச்சு. 20க்கும் மேற்பட்ட குழந்தைங்க இறந்துட்டாங்க. அக்டோபர் 1ஆம் தேதி அங்கிருந்து தகவல் வந்ததும் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தொழிற்சாலைக்குப் போய் மாதிரி எடுத்துச்சு. எஸ்.ஆர்-13 என்ற பேட்ச்ல 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்ததுன்னு அடுத்த நாளே சோதனை முடிவு வந்துச்சு. அனுமதிச்ச அளவு 0.1 சதவீதம்.

ரெண்டு நாள்ல ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்துக் குழந்தைங்களோட சாவுக்குக் காரணத்தைக் கண்டுபிடிச்சுது. அதுக்கு உதவுனது பாட்டில்ல அடிச்சிருந்த அந்த நாலஞ்சு எழுத்துதான். இது பேட்ச் நம்பரோட வெற்றி.

தோல்வி ரெண்டு பக்கமும் இருந்துச்சு. பின்னோக்கிப் பார்த்தா, சிரப்புக்குள்ள போன புரோப்பிலீன் கிளைக்கால் மருந்துத் தரத்துல இல்லாததுன்னு ஆய்வுல தெரிஞ்சது. ஒவ்வொரு டிரம்மையும் நம்பர் போட்டு, சோதிச்சு, இந்த டிரம் இந்த பேட்ச்சுக்குப் போகுதுன்னு எழுதுற ஒழுங்கு இருந்திருந்தா அந்த டிரம் கேட்டைத் தாண்டியிருக்கக் கூடாது. முன்னோக்கிப் பார்த்தா, எந்த பேட்ச்னு தெரிஞ்ச பிறகும் அது எந்த வீட்டுல இருக்குன்னு சொல்ல யார்கிட்டயும் கணக்கு இல்ல. மருந்தை வாங்கிட்டுப் போன வீடுகள்ல இருந்து மீட்க தனிப் பிரசாரமே நடத்த வேண்டி வந்துச்சு.

இதே விஷம், இதே மாதிரி தேடல், 1937லயும் நடந்திருக்கு. அமெரிக்காவுல எலிக்ஸிர் சல்ஃபானிலமைடு என்ற மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால்ல கரைச்சு வித்தாங்க. 100க்கும் மேல செத்துட்டாங்க. எஃப்.டி.ஏ. தன்கிட்ட இருந்த களப் பணியாளர்கள் எல்லாரையும் இறக்கி, விற்பனைச் சீட்டுகளைப் புரட்டி, டாக்டர், கடை, வீடுன்னு அலைஞ்சு பாட்டில்களைத் தேடுச்சு. தயாரானது 240 கேலன். அதுல 234 கேலனுக்கு மேல மீட்டுட்டாங்க. அத்தனை பேரோட சாவும் மிச்சம் இருந்த அந்தக் கொஞ்சத்துல இருந்து வந்தது. 88 வருஷம் ஆச்சு. நம்ம கையில போன், நெட் எல்லாம் இருக்கு. கடைசி அடி மட்டும் இன்னும் கதவைத் தட்டுறதாத்தான் இருக்கு.

"சரி, இதுக்குத்தான் பிளாக்செயின்"னு உங்கள்ல யாராவது சொல்வீங்கன்னு தெரியும். எங்க டீமும் அதைத்தான் சொன்னோம். ஜீரோத் ரிவ்யூவுக்கு நாங்க எடுத்துட்டுப் போன தலைப்பே "பிளாக்செயின் மூலம் மருந்து விநியோகச் சங்கிலி கண்காணிப்பு". ஸ்லைடு எல்லாம் பளபளன்னு இருந்துச்சு. மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "உள்ள டேட்டா யாருப்பா போடுவா?" நாங்க நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம்.

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு ஏற்கனவே தெரியும். அதனாலதான் வாய் திறக்கலை.

மூணாவது வருஷ லீவுல ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில ஒரு மாசம் இன்டர்ன்ஷிப் போனேன். என் வேலை ஒரு பிரஸ் மெஷின் பக்கத்துல நின்னு, ஒவ்வொரு பின்லயும் வர்ற கம்பிச் சுருளோட லாட் நம்பரை ஷீட்ல எழுதுறது. சுருள் மாறினா நம்பரும் மாறும். ஷீட் இருந்த மேஜை மெஷின்ல இருந்து நாப்பது அடி தள்ளி இருந்துச்சு. கை முழுக்க எண்ணெய். ஒவ்வொரு தடவையும் கையுறையைக் கழட்டி, போய், எழுதி, திரும்ப வரணும். முதல் ரெண்டு நாள் ஒழுங்கா எழுதினேன். மூணாவது நாள்ல இருந்து நைட் ஷிஃப்ட் அண்ணன்கிட்ட ஒரு வித்தை கத்துக்கிட்டேன். ஷிஃப்ட் முடிய இருபது நிமிஷம் இருக்கும்போது மேஜையில உட்கார்ந்து எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்து எழுதிடறது. ஞாபகம் இருக்கிறதை எழுதணும், இல்லாததை முந்தைய வரியைப் பார்த்து எழுதணும்.

ஒரு நாள் நான் எழுதினது முழுக்க முதல் நாள் லாட் நம்பர். சுருள் மாறினதையே நான் கவனிக்கலை. யாரும் கேட்கலை. ஷீட்ல சூப்பர்வைசர் கையெழுத்து விழுந்து, ஃபைலுக்குப் போயிடுச்சு. அந்தப் பாகம் ஏதோ ஒரு வண்டியில இப்ப ஓடிட்டு இருக்கும். அந்தச் சுருள்ல ஒரு குறை இருந்ததுன்னு நாளைக்குத் தெரிஞ்சா, என் ஷீட்டைப் பார்த்து நல்ல வண்டிகளைத் திரும்பக் கூப்பிடுவாங்க, கெட்டதை ஓட விட்டுடுவாங்க. எதுவும் எழுதாம வெத்தா விட்டிருந்தா, தெரியலைன்னு எல்லாத்தையும் கூப்பிட்டிருப்பாங்க. வெத்து ஷீட்டை விட என் ஷீட் மோசம்.

இப்ப அந்த ஷீட்டை பிளாக்செயின்ல ஏத்துங்க. நான் எழுதின பொய்யை இனி யாராலயும் மாத்த முடியாது. அவ்வளவுதான் முன்னேற்றம்.

இந்தத் தலைப்புல ப்ராஜெக்ட் செய்யற எல்லாரும் வால்மார்ட் மாம்பழக் கதையை மேற்கோள் காட்டுவோம். வெட்டி பேக் பண்ணின மாம்பழம் எந்தத் தோட்டத்துல இருந்து வந்ததுன்னு கண்டுபிடிக்க ஏழு நாள் ஆச்சு, ஐ.பி.எம். கூட சேர்ந்து பிளாக்செயின் போட்ட பிறகு 2.2 நொடியில தெரிஞ்சதுன்னு. கதை உண்மைதான். ஆனா அந்த 2.2 நொடியை யோசிச்சுப் பாருங்க. தோட்டம், பேக்கிங், கிடங்கு, கடைன்னு ஒவ்வொரு கைமாற்றத்துலயும் ஒருத்தர் சரியான நம்பரை, அந்த நேரத்துலயே, உள்ள போட்டிருக்கணும். அதைச் செஞ்சுட்டா சாதாரண டேட்டாபேஸ்ல தேடினாலும் சில நொடிதான் ஆகும். கஷ்டமான வேலை மாம்பழக் கூடை பக்கத்துல நடந்துச்சு. பேர் வாங்கிட்டுப் போனது சர்வர்.

க்யூஆர் கோடும் இதே கதைதான். 2023 ஆகஸ்ட் 1ல இருந்து நம்ம நாட்டுல 300 பிரபல மருந்து பிராண்டுகளுக்கு க்யூஆர் இல்லன்னா பார்கோடு கட்டாயம். ஸ்கேன் பண்ணினா மருந்தோட பெயர், தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் நம்பர், தேதிகள், உரிம எண் எல்லாம் வரணும். நல்ல விஷயம், போலி மருந்தைக் கண்டுபிடிக்க உதவும். ஆனா கத்தரிக்கோல் க்யூஆரையும் வெட்டும். வெளி அட்டைப்பெட்டியில இருந்தா அது கடையோட குப்பைக் கூடைக்குப் போயிடும். உங்க கையில இருக்கிற நாலு மாத்திரைக்கு எதை ஸ்கேன் பண்ணுவீங்க?

அப்ப மாத்திரையை வெட்டி விக்கிறதைத் தடை பண்ணிடலாமான்னு கேட்டா, கூடாதுன்னு அடிச்சுச் சொல்வேன். எங்க பாட்டி மாசக் கடைசியில பிரஷர் மாத்திரை ஆறு வாங்குவாங்க, பென்ஷன் வந்ததும் மிச்சத்தை வாங்குவாங்க. பதினஞ்சா வாங்கித்தான் ஆகணும்னு சொன்னா அவங்க அந்த ஆறையும் வாங்க மாட்டாங்க. வெட்டிக் குடுக்கிறது ஏழைங்களுக்குப் பெரிய உதவி. அதுல கை வைக்கிற எந்தத் தீர்வும் தீர்வு இல்ல.

கடைக்காரர் ஒவ்வொரு வாடிக்கையாளர் பேரும் போன் நம்பரும் வாங்கி கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னு சிலர் சொல்றாங்க. எனக்கு அதுவும் பிடிக்கலை. நான் என்ன மாத்திரை சாப்பிடறேன்னு என் ஏரியா கடை கம்ப்யூட்டருக்கு ஏன் தெரியணும்? நம்ம காலேஜ்ல எத்தனை பேர் மனநல மாத்திரையை ரெண்டு தெரு தள்ளிப் போய் வாங்குறாங்க, எத்தனை பொண்ணுங்க சில மாத்திரையைக் கேட்கவே கூச்சப்படுறாங்கன்னு யோசிங்க. பேர் குடுத்தாத்தான் மருந்துன்னா அவங்க மருந்தே வாங்காம இருந்துடுவாங்க.

நம்மளை யாரும் கண்காணிக்கத் தேவையே இல்ல. நம்பர் மாத்திரை கூடவே கடைசி வரைக்கும் வந்தா போதும். கம்பெனிக்குத் தன் பேட்ச் எந்த மொத்த வியாபாரிக்குப் போச்சுன்னு தெரியும். மொத்த வியாபாரிக்கு எந்தக் கடைன்னு தெரியும். கெட்ட பேட்ச் நம்பரை அரசாங்கம் டிவியிலயும் பேப்பர்லயும் சொல்லும். அந்த நேரத்துல சிந்த்வாராவுல இருக்கிற ஒரு அம்மா, இல்ல நம்ம பாட்டி, டப்பாவைத் திறந்து "இதுவா?"ன்னு தானே பார்த்துக்க முடியணும். சிரப் பாட்டிலுக்கு அது முடியும், லேபிள் கிழியாத வரைக்கும். வெட்டின மாத்திரைக்கு இன்னிக்கு முடியாது.

அதுக்கு வழி கஷ்டமானது இல்ல. பேட்ச் நம்பரையும் காலாவதி தேதியையும் அட்டையோட ஓரத்துல ஒரு தடவை அடிக்கிறதுக்குப் பதிலா ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலயும் அடிக்கணும். மருந்தோட பெயரை அப்படித்தான் திரும்பத் திரும்ப அடிக்கிறாங்க. வித்தியாசம் என்னன்னா, பெயர் ஃபாயில் வரும்போதே அச்சாகி வந்துடும். நம்பர் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் மாறுறதால ஓடுற லைன்லயே அடிக்கணும், மாத்திரை இருக்கிற இடத்துக்கு நேரா விழணும், படிக்கிற மாதிரி இருக்கான்னு கேமரா பார்க்கணும். வேகம் குறையும், செலவு கூடும். மெக்கானிக்கல், இ.சி.இ., கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணு டிபார்ட்மென்ட்டும் சேர்ந்து செய்ய வேண்டிய நல்ல ப்ராஜெக்ட் இது. ஸ்லைடுல பளபளன்னு தெரியாது. ஆனா என் பாட்டியோட டப்பா வரைக்கும் போய்ச் சேரும்.

எங்க டீம் கடைசியில தலைப்பை மாத்திட்டோம். இப்ப நாங்க செய்யறது மெஷின் பக்கத்துலயே, எண்ணெய்க் கையுறையோட அழுத்துற மாதிரி பெரிய பட்டன் வச்ச ஒரு ஸ்கேனர் பெட்டி. சுருளோட டேகைப் படிக்காம மெஷின் அடுத்த சுருளுக்கு ஓடாது. இதுலயும் ஓட்டை இருக்கு. யாராவது பழைய டேகைக் கையில வச்சுக்கிட்டுத் திரும்பத் திரும்பக் காட்டலாம். அதனால ஏற்கனவே தீர்ந்த சுருளோட நம்பரை அது ஏத்துக்காத மாதிரி செஞ்சிருக்கோம். அடுத்து எப்படி ஏமாத்துவாங்கன்னு யோசிக்கும்போது நான் என்னையே கேட்டுக்கிறேன்: அன்னிக்கு ராத்திரி நானா இருந்தா என்ன செஞ்சிருப்பேன்?

இதைப் படிக்கிற ஜூனியர்ஸ்கிட்ட மூணு விஷயம் கேட்கிறேன். மருந்துக் கடையில "பில் வேணுமா தம்பி?"ன்னு கேட்டா வேணும்னு சொல்லுங்க. ஒழுங்கா போடற பில்லுல பேட்ச் நம்பரும் காலாவதி தேதியும் இருக்கும். பில் இல்லாத கடைன்னா, வெட்டறதுக்கு முன்னாடி அட்டையோட பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கங்க, அண்ணன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார். இன்டர்ன்ஷிப் போனா, டாஷ்போர்டைப் பார்த்து அசந்துடாம அதுக்குப் பின்னால இருக்கிற நம்பரை யார், எங்க நின்னு, எந்த நேரத்துல எழுதறாங்கன்னு போய்ப் பாருங்க. ப்ராஜெக்ட் தலைப்பு குடுக்கிறதுக்கு முன்னாடி அந்த மேடம் கேட்ட கேள்வியை நீங்களே ஒரு தடவை கேட்டுக்கங்க.

ஆரம்பத்துல எடுத்து வச்ச மாத்திரையை இப்பத் திரும்பப் பாருங்க. நம்பர் இருந்தா நல்லது. இல்லன்னா, அது எந்த ஈடுன்னு இனி யாராலயும் உங்களுக்குச் சொல்ல முடியாது. என்னோடதுலயும் இல்ல. நானும் போன வாரம் நாலுதான் வாங்கினேன், பில் வேணாம்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்.